விடயம் நிறைய இருக்கிறது, விடை எங்கே?

முல்லைத்தீவு மாவட்டத்திலிருந்து ஒரு மாணவி எழுதியிருக்கிறார். உயர்தரத்தில் கலைப்பிரிவில் படித்து, புவியியலில் ஏ சித்தி பெற்று, இப்போது வவுனியாவில் முதலாம் வருடம் படிக்கிறார். முதல் ஒப்படைக்குக் கிடைத்தது 46 புள்ளி. "வன்னியில் சிறுகுளங்களைப் புனரமைப்பது சிறு விவசாயிகளின் நெற்செய்கையை உறுதிப்படுத்தப் போதுமானது. விமர்சன ரீதியாக ஆராய்க" என்பது வினா, 1500 சொற்கள். விரிவுரையாளர் கடைசிப் பக்கத்தில், "விடயங்கள் நிறைய உண்டு. கட்டமைப்பு இல்லை. வினாவுக்கு விடை எங்கே?" என்று எழுதியிருக்கிறார். "முன்னுரை, பொருளுரை, முடிவுரை எல்லாம் தலைப்புப் போட்டுத்தானே எழுதினேன். கட்டமைப்பு என்றால் வேறென்ன? அடுத்த ஒப்படைக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது" என்று கேட்கிறார். ஒப்படையின் பிரதியையும் இணைத்திருக்கிறார்.

அன்புள்ள பிள்ளைக்கு,

உங்கள் ஒப்படையை இரண்டு தரம் வாசித்தேன். உழைப்பில் குறை சொல்ல இடமில்லை. கையெழுத்துத் தெளிவு, எழுத்துப் பிழை குறைவு, வாசித்தது நிறைய. இவ்வளவும் இருந்தும் 46 வந்திருப்பது உங்களுக்கு எவ்வளவு சோர்வைத் தந்திருக்கும் என்று விளங்குகிறது. ஆனால் அந்த மூன்று வரிக் குறிப்பு சரியான குறிப்பு.

உயர்தரப் பரீட்சையில் விடைத்தாள் திருத்துபவரின் கையில் புள்ளித்திட்டம் இருக்கும். சரியான விடயம் ஒன்றை எழுதினால் அதற்குரிய புள்ளி கிடைக்கும். எட்டு விடயம் தெரிந்தால் எட்டையும் எழுத வேண்டும். எதை முன்னே வைத்தீர்கள், எதை எதனோடு தொடுத்தீர்கள் என்பது அவ்வளவு பெரிதாகப் பார்க்கப்படாது. அந்தப் பழக்கம்தான் உங்களுக்கு ஏ வாங்கித் தந்தது. இப்போது உங்கள் காலை இழுப்பதும் அதுதான். ஒப்படையை வாசிக்கிற விரிவுரையாளர், இந்தப் பிள்ளை இந்த வினாவுக்கு என்ன விடை சொல்கிறாள், அதை என்ன காரணத்தால் சொல்கிறாள், மாற்றுக் கருத்துக்கு என்ன பதில் வைத்திருக்கிறாள் என்று பார்க்கிறார். ஒவ்வொரு பந்தியும் அந்த விடையை ஓர் அடி முன்னே நகர்த்தினால் அதுதான் கட்டமைப்பு. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்ற தலைப்புகள் வீட்டு வாசலில் தொங்கும் இலக்கப்பலகை போன்றவை. உள்ளே சுவர் இருக்கிறதா என்பதை அவை சொல்லமாட்டா.

ஆகவே வினாவிலிருந்தே தொடங்குவோம். எழுத உட்காருமுன் வினாவை ஒரு வெற்றுத்தாளில் பெரிய எழுத்தில் எழுதி, ஒவ்வொரு சொல்லின் கீழும் கோடிட்டுப் பாருங்கள். இந்த வினாவில் நாலு இடத்தில் கோடு விழ வேண்டும்.

முதலாவது, "சிறுகுளங்கள்". இலங்கையில் இது பொதுப் பேச்சுச் சொல் மட்டுமல்ல, ஒரு வகைப்பாடு. 80 ஹெக்டேயருக்கு, அதாவது ஏறத்தாழ 200 ஏக்கருக்குக் குறைந்த வயற்பரப்புக்கு நீர் பாய்ச்சும் குளமே சிறுகுளம். அது கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் வருகிறது; பெரிய குளங்கள் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பக்கம் போகும். நீங்களோ இரண்டாம் பக்கம் முழுவதும் இரணைமடுவைப் பற்றியும் மூன்றாம் பக்கத்தின் பாதிவரை முத்தையன்கட்டைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் பெரிய குளங்கள். இரணைமடுப் பந்தி நல்ல பந்திதான், ஆனால் அது வேறொரு வினாவுக்குரிய விடை. 1500 சொல்லில் ஏறத்தாழ 450 சொல் இப்படிப் போய்விட்டது.

இரண்டாவது, "நெற்செய்கையை உறுதிப்படுத்த". நிலத்தடி நீர், நன்னீர் மீன்பிடி, குளக்கரையின் அழகு எல்லாம் உண்மைதான். ஆனால் வினா நெல்லோடு நிற்கிறது. உறுதி என்ற சொல்லையும் நீங்கள் வரையறுக்க வேண்டும். ஒவ்வொரு காலபோகமும் (மாரிப்போகம்) விதைத்ததை அறுக்க முடிவதா? கோடையில் சிறுபோகமும் செய்ய முடிவதா? விற்றுக் கடன் அடைக்க முடிவதா? எதை எடுத்துக்கொள்கிறீர்கள் என்று முன்னுரையில் ஒரு வரி சொன்னால் போதும்.

மூன்றாவது சொல்லில்தான் முழு வினாவும் தொங்குகிறது: "போதுமானது". குளம் நல்லது என்று நாலு பக்கம் எழுதினாலும் இந்தச் சொல்லுக்கு விடை வராது. அவசியமானது வேறு, போதுமானது வேறு. சோறாக்க நெருப்பு அவசியம். நெருப்பு மட்டும் இருந்தால் சோறாகாது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் கட்டுரையின் பாதி வேலை முடிந்துவிடும்.

நாலாவது, ஏவற்சொல். "விபரிக்குக" என்றால் இருப்பதை ஒழுங்காகச் சொன்னால் போதும். "விளக்குக" என்றால் ஏன், எப்படி என்பது வர வேண்டும். "ஒப்பிடுக" என்றால் இரண்டையும் ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும். "விமர்சன ரீதியாக ஆராய்க" என்றதும் பலர் குறை சொல்லச் சொல்கிறார்கள் என்று நினைக்கிறார்கள். தரப்பட்ட கூற்று எவ்வளவு தூரம் நிற்கும், எந்த இடத்தில் நிற்காது என்று சான்றோடு எடைபோடச் சொல்கிறார்கள் என்பதே அதன் பொருள். உங்கள் கட்டுரை முழுக்க விபரிப்பு. கடைசிப் பக்கத்தில் மட்டும் "எனவே சிறுகுளங்கள் பாதுகாக்கப்பட வேண்டும்" என்று ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அது நல்ல எண்ணம்தான். ஆனால் யாரும் கேட்கவில்லை.

வினாவைப் பிரித்த பிறகு, வாசிப்புக்குப் பாதி வழியில், உங்கள் விடையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். உதாரணத்துக்கு: "சிறுகுளப் புனரமைப்பு காலபோக நெற்செய்கைக்கு இன்றியமையாதது, ஆயினும் குளத்துக்கு மழைநீர் வந்து சேரும் நீரேந்து பகுதியும் உரம், விதை போன்ற உள்ளீடுகளும் கவனிக்கப்படாவிட்டால் அது தனியே போதாது." எழுதியதும் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: விபரம் தெரிந்த ஒருவர் இதை மறுத்து வாதாட முடியுமா? முடியுமென்றால் அது விடை. "சிறுகுளங்கள் வன்னி மக்களின் வாழ்வில் முக்கிய இடம் வகிக்கின்றன" என்பதை யாரும் மறுக்கப்போவதில்லை. ஆகவே அதை நிறுவக் கட்டுரையும் தேவையில்லை. முதலில் எழுதுகிற விடை வாக்கியம் கல்வெட்டு அல்ல. வாசிக்க வாசிக்க மாறலாம், மாறினால் நல்லது. ஆனால் அது ஒரு துண்டில் எழுதப்பட்டு, மேசையில் கண்முன்னே இருக்க வேண்டும்.

அந்த வாக்கியத்தைப் பார்த்து "ஏன் அப்படிச் சொல்கிறாய்?" என்று கேட்டால் பந்திகள் தாமாக வரும். புனரமைப்பு என்ன செய்கிறது என்று ஒரு பந்தி: குளக்கட்டை உயர்த்தி, நீர் திறக்கும் துருசைத் திருத்தி, வாய்க்காலைத் துப்புரவாக்கினால் வடகீழ்ப் பருவமழை இடையில் பொய்த்தாலும் பயிரைச் சில வாரம் தாங்கலாம். இதற்கு 250 சொல். நீரேந்து பகுதி பற்றி அடுத்தது, 300 சொல்: மேலே காடு வெட்டப்பட்டால் மண் கழுவுண்டு வந்து குளம் தூர்ந்துவிடும். அதோடு, வறண்ட வலயத்துச் சிறுகுளங்கள் பெரும்பாலும் தனித்து நிற்பவை அல்ல. மேற்குளத்தின் மிகைநீரும் அதன் வயல்களின் வடிநீரும் கீழ்க்குளத்துக்கு வரும். புவியியலாளர் மத்தும பண்டார 1985ஆம் ஆண்டிலேயே இதைத் தொடர்குள முறைமை என்று எடுத்துக்காட்டியிருக்கிறார். ஒரு குளத்தை மட்டும் தனியே பிரித்துத் திருத்தினால் கீழே உள்ளவருக்கு என்ன ஆகும் என்ற கேள்வி அங்கிருந்துதான் எழுகிறது. உள்ளீடுகள் பற்றி இன்னொரு பந்தி, 250. பிறகு மாற்றுக் கருத்து, 250: "நீரே இல்லாவிட்டால் உரத்தை வைத்து என்ன செய்வது? ஆகவே குளத்துக்குத்தான் முதலிடம்" என்று ஒருவர் கேட்பார். வலுவான கேள்வி. அதை ஒளிக்காமல் முழு வலுவோடு எழுதி, முதலிடம் என்பதை ஏற்றுக்கொண்டு, முதலிடமும் போதுமையும் ஒன்றல்ல என்று பதில் சொல்லுங்கள். முன்னுரைக்கும் முடிவுரைக்கும் 150 வீதம். கூட்டிப் பார்த்தால் 1350 வரும். மிச்சம் 150 சொல் கையிருப்பு. எழுதும்போது எந்தப் பந்திக்குத் தேவைப்படுகிறதோ அதற்குக் கொடுங்கள்.

இந்தத் திட்டத்தில் எந்தப் பந்தியின் இடத்தை மாற்றினாலும் வாதம் குழம்பும். உங்கள் கட்டுரையில் மூன்றாம் பந்தியை ஆறாம் பந்தியின் இடத்தில் வைத்தாலும் ஒன்றும் ஆகாது. ஒப்படையைக் கொடுக்குமுன் இதையே ஒரு சோதனையாகச் செய்து பாருங்கள்.

இனி ஒரு பந்தியைக் கிட்டப் பார்ப்போம். உங்கள் ஐந்தாம் பந்தி இது:

"மேலும் சிறுகுளங்கள் நீண்டகாலமாகக் காணப்படுகின்றன. குளங்களின் மூலம் நெற்செய்கை மேற்கொள்ளப்படுகின்றது. மேலும் நிலத்தடி நீர் பாதுகாக்கப்படுகின்றது. நன்னீர் மீன்பிடியும் மேற்கொள்ளப்படுகின்றது. மேலும் யுத்தத்தின் பின்னர் பல குளங்கள் புனரமைக்கப்பட்டன. எனினும் விவசாயிகள் பல பிரச்சினைகளை எதிர்நோக்குகின்றனர். உரத்தட்டுப்பாடு காணப்பட்டது. காட்டுயானைப் பிரச்சினையும் காணப்படுகின்றது."

எட்டு வாக்கியம். எட்டும் உண்மை. ஆனால் இவை எட்டும் எட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. இதில் உரத்தட்டுப்பாடு என்ற ஒன்றை மட்டும் எடுத்து, அதையே ஒரு பந்தியாக்கினால் எப்படி வரும் என்று பாருங்கள்:

"குளத்தில் நீர் நிற்பதால் மட்டும் விளைச்சல் உறுதியாவதில்லை என்பதை 2021/22 காலபோகம் காட்டியது. 2021 மே மாதத்தில் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தது. நவம்பரில் தடை தளர்த்தப்பட்டபோது விதைப்பு ஏற்கெனவே தொடங்கியிருந்தது. அந்தப் போகத்தில் நாட்டின் நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது [மூலம், ஆண்டு, பக்கம்]. இவ்வீழ்ச்சிக்கு நீர்ப்பற்றாக்குறை முதன்மைக் காரணமன்று. திருத்திய குளத்தின் கீழ் வயல் செய்தவரும் திருத்தாத குளத்தின் கீழ் வயல் செய்தவரும் உரத்துக்கு ஒரே வரிசையில்தான் நின்றனர். ஆகவே புனரமைப்பு நீர் சார்ந்த இடரைக் குறைக்கிறது. உள்ளீடு சார்ந்த இடரை அது தொடுவதில்லை."

முதல் வாக்கியம் பந்தி என்ன சொல்லப்போகிறது என்று சொல்லிவிடுகிறது. வினாவின் "மட்டும் போதுமா" என்ற கேள்வியையும் தொடுகிறது. இரண்டாவது முதல் நாலாவது வரை சான்று: மாதம், ஆண்டு, விளைவு, மூலம். சதுர அடைப்புக்குள் நீங்கள் உண்மையில் பார்த்த மூலத்தைப் போடுங்கள். எத்தனை வீதம் வீழ்ந்தது என்ற எண்ணையும் அங்கிருந்தே எடுங்கள். ஐந்தாவதும் ஆறாவதும்தான் பெரும்பாலான மாணவர் எழுதாமல் விட்டுவிடுவன. சான்றை வைத்துவிட்டு அடுத்த விடயத்துக்கு ஓடிவிடுவார்கள். அந்தச் சான்று உங்கள் கூற்றை எப்படித் தாங்குகிறது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், விரிவுரையாளர் ஊகிக்கமாட்டார். உண்மையில் புள்ளி விழுவது இந்த இரண்டு வாக்கியத்துக்குத்தான். கடைசி இரண்டும் பந்தியை மூடி, வினாவிடம் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. ஏறத்தாழ 60 சொல்லில் இது எலும்புக்கூடு. இன்னொரு சான்றும், அதற்குரிய விளக்கமும், ஒரு மட்டுப்பாடும் சேர்த்தால் 250 ஆகிவிடும். ஒவ்வொரு பந்திக்கும் இதே எட்டு வாக்கிய அச்சை வார்க்கத் தேவையில்லை. கூற்று, சான்று, விளக்கம் என்ற மூன்றும் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

"மேலும்" என்ற சொல்லைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். உங்கள் கட்டுரையில் அது 19 இடத்தில் வருகிறது, "அத்துடன்" 11 இடத்தில். இவை இரண்டும் முன்னது மேல் பின்னதை அடுக்குகிற சொற்கள். ஒன்றுக்கும் மற்றதற்கும் என்ன உறவு என்று சொல்வதில்லை. "ஏனெனில்" காரணம் சொல்லும். "ஆயினும்" தடை சொல்லும். "ஆகவே" முடிவு சொல்லும். "இதற்கு மாறாக" எதிர்ப்பக்கம் காட்டும். சிவப்புப் பேனையால் எல்லா "மேலும்"களையும் வட்டமிட்டு, ஒவ்வொன்றின் இடத்திலும் இந்த நாலில் எது பொருந்தும் என்று பாருங்கள். ஒன்றுமே பொருந்தாவிட்டால், அந்த இரண்டு வாக்கியங்களும் ஒரே பந்தியில் இருக்கத் தேவையில்லை என்று பொருள். இது சொல் மாற்றும் வேலை போலத் தெரியும். செய்து பாருங்கள், சிந்தனையில் எங்கே ஓட்டை இருக்கிறது என்பது வெளிப்பட்டுவிடும்.

முன்னுரைக்கு வருவோம். "நீரின்றி அமையாது உலகு என்றார் வள்ளுவர்" என்று தொடங்கியிருக்கிறீர்கள். பாடசாலைக் கட்டுரையில் அது அழகு. இங்கே அது எதையும் நிறுவவில்லை; 40 சொல்லையும் எடுத்துக்கொள்கிறது. அடுத்த வாக்கியம் "ஆதிகாலம் தொட்டே மனிதன்" என்று போகிறது. ஒட்டுசுட்டான் வயலில் நிற்க வேண்டிய கட்டுரை ஆதிகாலத்தில் புறப்பட்டால் வயலுக்கு வந்து சேருமுன் சொல் முடிந்துவிடும். 150 சொல் முன்னுரையில் நாலு வேலை நடக்க வேண்டும்: பிரச்சினை என்ன, அது ஏன் கேள்விக்குரியது, முக்கிய சொற்களை என்ன பொருளில் பயன்படுத்துகிறீர்கள், உங்கள் விடை என்ன, அதை எந்த ஒழுங்கில் காட்டப்போகிறீர்கள். கடைசி இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்லலாம் என்பதால் நாலு என்றேன். விடையை முன்னுரையிலேயே சொல்லிவிட்டால் சுவை போய்விடுமே என்று பலர் அஞ்சுகிறார்கள். கதைக்குத்தான் அந்தக் கவலை வேண்டும். முன்னுரையைக் கடைசியாக எழுதுங்கள், அல்லது முதலில் எழுதிக் கடைசியில் கிழித்துப் புதிதாக எழுதுங்கள். கட்டுரை எங்கே போய் முடிந்தது என்று தெரிந்த பிறகுதான் அதற்கு வாசல் வைக்க முடியும்.

முடிவுரையில் புதிய சான்று வேண்டாம். விடையை இன்னும் கூர்மையாக, எந்த அளவுக்கு, எந்த நிபந்தனையில் என்று சொல்லி நிறுத்துங்கள்.

வாசிப்பைப் பற்றி. நீங்கள் 14 மூலங்கள் பட்டியலிட்டிருக்கிறீர்கள், உள்ளே மேற்கோள் காட்டியது மூன்றே மூன்று. மிச்சம் 11 எங்கே பயன்பட்டன என்று வாசிப்பவருக்குத் தெரியாது. பட்டியலில் இருப்பது உள்ளே வர வேண்டும், உள்ளே வந்தது பட்டியலில் இருக்க வேண்டும். முதல் வருட ஒப்படைக்கு நன்றாக வாசித்த ஆறு ஏழு மூலம் போதும். ஏ4 தாளை நாலாக வெட்டி, ஒரு துண்டில் ஒரு குறிப்பு மட்டும் எழுதுங்கள்: மேலே ஆசிரியர், ஆண்டு, பக்கம், நடுவில் விடயம், உங்கள் சொந்தச் சொல்லில், கீழே, இது என் விடையின் எந்தப் பகுதிக்கு உதவும் என்று ஒரு வரி. கீழ் வரியை நிரப்ப முடியாத துண்டை ஒதுக்கி வைத்துவிடுங்கள். திட்டம் போடும்போது துண்டுகளை மேசையில் பரப்பி, பந்தி பந்தியாகக் குவியலாக்கலாம். ஒரு குவியலில் ஒரு துண்டுதான் கிடக்கிறது என்றால் அந்தப் பந்திக்கு இன்னும் வாசிக்க வேண்டும். கொப்பியில் தொடர்ச்சியாக எழுதிய நோட்ஸை வைத்து இதைச் செய்ய முடியாது. அதனால்தான் கட்டுரையும் வாசித்த ஒழுங்கிலேயே வந்துவிடுகிறது. போட்டோக்கொப்பி எடுக்கும்போதே முதற்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். பிறகு ஆண்டைத் தேடி அலையத் தேவையில்லை.

எங்கே தேடுவது? தமிழில் வந்த ஈழத்து நூல்களுக்கும் சஞ்சிகைகளுக்கும் நூலகம் இணையத்தளம் பெரிய களஞ்சியம். போகம் வாரியான நெற்செய்கைப் புள்ளிவிபரங்களைத் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் வெளியிடுகிறது. மாவட்டப் புள்ளிவிபரக் கைந்நூலை மாவட்டச் செயலகத்தில் விசாரித்தால் பார்க்கலாம். விடுமுறைக்கு ஊருக்குப் போகிற நேரம் உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்தில் கேட்டால் எந்தக் குளம், எத்தனை ஏக்கர், எப்போது திருத்தியது என்ற விபரம் கிடைக்கக்கூடும். கமக்காரர் அமைப்பைச் சேர்ந்த இரண்டு பேரோடு கதைத்தால் அதையும் சேர்க்கலாம்; ஆனால் அவர்களிடம் அனுமதி கேட்டு, திகதி குறித்து, பெயரைத் தவிர்த்து எழுதுங்கள். இரண்டு பேர் சொன்னது அந்த இரண்டு பேரின் அனுபவம். "வன்னி விவசாயிகள் கருதுகின்றனர்" என்று அதை ஊதிப் பெருக்கக் கூடாது. நேர்காணலைச் சான்றாக ஏற்பார்களா என்று விரிவுரையாளரிடம் முன்னரே கேட்டுவிடுங்கள்.

சான்று எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதிலும் கவனம் வேண்டும். வறண்ட வலயத் தொடர்குள முறைமையை உலக உணவு விவசாய அமைப்பு 2017இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுரிமையாக அங்கீகரித்ததை எழுதியிருக்கிறீர்கள். நல்ல தகவல். அந்த முறைமை மதிப்புக்குரியது என்பதற்கு அது சான்று. இன்று ஒரு குளத்தின் கட்டை உயர்த்தினால் நெல் உறுதியாகுமா என்பதற்கு அது சான்றாகாது.

ஆங்கில மூலங்களால் வரும் சிக்கல் ஒன்று உங்கள் நாலாம் பக்கத்தில் தெரிகிறது. அதுவரை உங்கள் தமிழ் ஓடுகிறது. திடீரென்று ஒரு பந்தி மட்டும் தலைகீழாக நிற்கிறது. ஆங்கிலப் பந்தியை வரிக்கு வரி பெயர்த்திருக்கிறீர்கள், அல்லது கூகிள் பெயர்த்துத் தந்ததைத் திருத்தியிருக்கிறீர்கள். மொழி மாறினாலும் பிறருடைய பந்தியை அப்படியே எடுத்து மூலம் சொல்லாமல் வைப்பது கருத்துத் திருட்டுத்தான். மூலம் சொன்னாலும், பந்தி முழுவதும் அவருடையதாக இருந்தால் உங்களுக்கு அங்கே என்ன வேலை? இப்படிச் செய்யுங்கள்: ஆங்கிலப் பந்தியை இரண்டு தரம் வாசித்துவிட்டு மூடி வையுங்கள். அறைத்தோழிக்குச் சொல்வதுபோல மூன்று வாக்கியத்தில் தமிழில் எழுதுங்கள். பிறகு திறந்து, எண்ணும் பெயரும் ஆண்டும் சரியா என்று மட்டும் ஒப்பிடுங்கள். மூடிய பிறகு மூன்று வாக்கியம் வரவில்லையென்றால் பந்தி இன்னும் விளங்கவில்லை; இன்னொரு தரம் வாசிக்க வேண்டும். நேரம் எடுக்கும். ஆங்கிலம் கடினமென்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஒப்படைக்கு ஒரு ஆங்கிலக் கட்டுரை வீதம், அதன் சுருக்கத்தையும் முடிவையும் மட்டும் இப்படிப் படித்துவந்தால் ஒரு வருடத்தில் வித்தியாசம் தெரியும்.

நடையைப் பற்றி நீட்டாமல் ஒன்று சொல்கிறேன். "காணப்படுகின்றது", "மேற்கொள்ளப்படுகின்றது" என்ற இரண்டும் நம்முடைய கல்வித் தமிழைப் பிடித்த நோய். "குளங்கள் புனரமைக்கப்பட்டன" என்றால் யார் புனரமைத்தார்கள்? திணைக்களமா, கொடை நிறுவனமா, ஊரவரின் சிரமதானமா? செய்தவரை எழுத்தில் கொண்டுவந்தால் அடுத்த கேள்வி தானாக வரும்: அவர்கள் போன பிறகு பராமரிப்பது யார்? அதுவே உங்கள் வாதத்துக்கு ஒரு பந்தி.

முதல் வரைபு முடிந்ததும் அன்றே திருத்த உட்காராதீர்கள். ஒரு நாள் விட்டு, ஒவ்வொரு பந்தியின் ஓரத்திலும் அது என்ன சொல்கிறது என்று ஒரே வரியில் எழுதுங்கள். பிறகு ஓர வரிகளை மட்டும் மேலிருந்து கீழே வாசியுங்கள். உங்கள் கட்டுரைக்கு நான் எழுதிப் பார்த்தேன்: குளத்தின் வரலாறு, பயன், இரணைமடு, முத்தையன்கட்டு, பயன், யுத்த அழிவு, பயன், பாதுகாக்க வேண்டும். பயன் மூன்று இடத்தில் சிதறிக் கிடக்கிறது. போதுமா என்ற கேள்வி ஓரிடத்திலும் இல்லை. கட்டுரையை மட்டும் வாசித்தால் இது கண்ணில் படாது, ஏனெனில் எழுதியவருக்குத் தன் மனதில் உள்ள தொடர்பும் சேர்ந்தே கேட்கும். ஒரு பந்திக்கு ஓர வரி எழுத முடியாமல் "இதுவும் அதுவும்" என்று வந்தால் அதை இரண்டாக வெட்டுங்கள். இரண்டு பந்திக்கு ஒரே வரி வந்தால் சேருங்கள்.

மூன்று வாரத்தை இப்படிப் பிரிக்கலாம். முதல் இரண்டு நாள் வினாவுக்கு. மிச்ச வாரம் வாசிப்புக்கும் துண்டுகளுக்கும். இரண்டாம் வாரத் தொடக்கத்தில் விடை வாக்கியமும் பந்தித் திட்டமும், பிறகு நாளுக்கு இரண்டு பந்தி. மூன்றாம் வாரம் முழுவதும் திருத்தத்துக்கு. இரவோடிரவாக எழுதுகிற கட்டுரையில் திருத்தத்துக்குத்தான் இடமில்லாமல் போகிறது, கட்டமைப்பு உருவாவதோ திருத்தத்தில்தான். பரீட்சை மண்டபத்தில் ஒரு மணித்தியாலக் கட்டுரை வினாவுக்கும் இதே வழியைச் சுருக்கிப் பிடியுங்கள்: 10 நிமிடம் வினாவுக்கும் திட்டத்துக்கும், 45 நிமிடம் எழுத, 5 நிமிடம் வாசிக்க. பக்கத்தில் இருப்பவர் கூடுதல் தாள் கேட்கும்போது நீங்கள் இன்னும் திட்டத்தில் இருந்தால் பதற வேண்டாம்.

கடையில் கொடுத்து ரைப் பண்ணுவதானால் யூனிகோட்டில் அடிக்கச் சொல்லுங்கள். பாமினியில் அடித்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஒன்றும் வாசிக்க முடியாமல் போய்விடும். கோப்பாக அனுப்பச் சொல்லும் பாடங்களில் இதனால் திண்டாடுவீர்கள். அடித்து வந்ததைத் தாளில் எடுத்து வாய்விட்டு வாசியுங்கள். ர, ற மாறியதும் ல, ள மாறியதும் அப்போதுதான் பிடிபடும். மூச்சு முட்டுகிற இடத்தில் வாக்கியத்தை வெட்ட வேண்டும் என்பதும் தெரியும்.

பழைய ஒப்படையைத் தூக்கிப் போடாதீர்கள். புள்ளி மாறாது என்றாலும், இந்த வார இறுதியில் அதன் ஐந்தாம் பந்தியை மட்டும் மேலே காட்டிய மாதிரியில் நீங்களே திருப்பி எழுதுங்கள்; உரத்தை விட்டு, காட்டுயானையை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதியதையும் புதிய ஒப்படைக்கான விடை வாக்கியத்தையும் ஒரே தாளில் வைத்து, இரண்டாம் வாரம் விரிவுரையாளரிடம் கொண்டு போங்கள். "சேர், என் கட்டுரை நல்லா இருக்கா?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்றுதான் பதில் வரும். "இந்த வாக்கியம் வினாவுக்கு விடையா? இந்தப் பந்தி அதைத் தாங்குகிறதா?" என்று கேளுங்கள்.

அன்புடன்.